தேய்ந்த தண்டை மாற்றுவதா, மீட்பதா? பழைய பைப் வாங்குபவர்களுக்கு

கேள்வி, ஜூன் 3

இங்கிலாந்தில் செய்த, புகையிலை பிடிக்கும் பழைய பைப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மரம் அருமை. தண்டுதான் (வாயில் வைத்துப் புகை இழுக்கும் கறுப்புக் குழாய்) பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி, வாய் வைக்கும் இடத்தில் பல் பதிந்து குழி விழுந்து, ஒரு பக்கம் ஊசித்துளை அளவுக்கு ஓட்டையே போட்டிருக்கிறது. மரத்தில் தண்டு செருகும் கழுத்தில் லூசாகவும் ஆடுகிறது. விற்றவர் "இதையெல்லாம் சரி பண்ண முடியாது, ஒரு அக்ரிலிக் தண்டு போட்டுக்கோங்க" என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. தண்டு என்பது டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதானே? யாராவது மறுத்துச் சொல்வீர்களா?

பதில், ஜூன் 3, மதியம்

நான் மறுக்கிறேன். நீங்கள் சொன்ன நாலு குறையும் (நிறம், பல் தடம், ஓட்டை, ஆட்டம்) சரிசெய்யக்கூடியவை. வீட்டிலேயே, பெரிய செலவில்லாமல். தண்டை மாற்றுவது கடைசி வழி.

காரணம் சொல்கிறேன். பழைய ஆங்கில, பிரெஞ்சு பைப்புகளில் தண்டைத் தனியாக, மரத்தைத் தனியாக மெருகேற்றி மாட்டவில்லை. தண்டைக் கழுத்தில் செருகி வைத்து, இரண்டையும் சேர்த்தே இழைத்திருக்கிறார்கள். அதனால்தான் கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் நகம் எங்கும் தட்டாது. அந்தப் பொருத்தம் அந்த ஒரு ஜோடிக்கு மட்டும்தான். அதே கம்பெனியின் அதே வடிவப் பைப்பிலிருந்து தண்டைக் கழற்றி மாட்டினாலும் ஒரு ஓரத்தில் படி விழும். படியைச் சரிசெய்ய மரத்தை இழைக்க வேண்டும், மரத்தை இழைத்தால் கழுத்தில் இருக்கும் முத்திரை போகும், முத்திரை போனால் அது யார் செய்தது, எந்தக் காலத்தது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

டயர் என்று சொல்லாதீர்கள். வாயில் படுவது தண்டு மட்டும்தான்.

ஜூன் 3, இரவு

சரி, முதலில் எந்தப் பொருள் என்று பாருங்கள். நிறம் மாறியிருக்கிறது என்றால் அது அநேகமாக எபோனைட், வல்கனைட் என்றும் சொல்வார்கள். கட்டைவிரலால் நன்றாக, சூடு வரும்வரை தேய்த்து மோந்து பாருங்கள். தீக்குச்சி உரசின மாதிரி கந்தக வாடை வந்தால் எபோனைட்தான். அக்ரிலிக் இப்படி நிறம் மாறாது, வாடையும் அடிக்காது, பல்லில் தட்டினால் கண்ணாடி போல ணங்கென்று இருக்கும்.

எபோனைட் என்பது ரப்பர்தான். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இறுகும் என்று சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1844. அவர் தம்பி நெல்சன் குட்இயர் கந்தகத்தை நிறையச் சேர்த்துக் கெட்டி ரப்பருக்கு 1851இல் வாங்கினார். டயர் ரப்பரில் கந்தகம் சில சதவீதம்தான், இதில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெயில் வெளிச்சமும் காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு மேல்தோல் சிதைந்து, அந்தக் கந்தகம் கிளம்பி வருவதுதான் நீங்கள் பார்க்கும் பச்சை கலந்த பழுப்பு. வாயில் கசப்பதும் அதுவேதான். உள்ளே நல்ல கறுப்பு அப்படியே இருக்கிறது. நோய் மேல்தோலில் மட்டும்தான், அதுவும் ஒரு முடியளவு ஆழம்.

ஜூன் 5

நிறத்தை எடுப்பது பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள்.

வெளியே தொடுவதற்கு முன்னால் உள்ளே சுத்தம் பண்ண வேண்டும். பைப் கிளீனரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து டெனான் பக்கத்திலிருந்து விட்டு இழுங்கள் (டெனான் என்பது மரத்துக்குள் போய் உட்காரும் அந்த உருளை முனை). முதல் சில கிளீனர்கள் கறுப்பு மை தொட்ட மாதிரி வரும், அப்புறம் காப்பி நிறம், அப்புறம் டீ நிறம். வெள்ளையாகவே வெளியே வரும்வரை நிறுத்தக்கூடாது. அடுத்தவர் பல வருஷம் புகைத்த தார் அது. இதைச் செய்யாமல் வெளியே மினுக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள், வாங்கினதும் கிளீனர் விட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஊறல். துணிக்கறை நீக்க விற்கும் ஆக்சிஜன் தூளை (சோடியம் பெர்கார்பனேட்) வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள். வெதுவெதுப்பு மட்டும்தான், கொதிநீர் கூடாது. வளைந்த தண்டு கொதிநீரில் நிமிர்ந்துவிடும், அந்தக் கதை தனி. காலையில் எடுத்தால் முன்னைவிட அசிங்கமாக, சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். கெட்டுப்போன தோல் இளகி மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் காய்வதற்குள் சொரசொரப்பான துணியால் அழுத்தித் துடைத்தால் துணி முழுக்க மஞ்சள் கலந்த பழுப்பு அப்பிக்கொள்ளும். மீதியை மெலமைன் ஸ்பாஞ்சு எடுக்கும். சுமாரான தண்டுக்கு இதுவே போதும், உப்புத்தாளே தேவைப்படாது.

போகவில்லையா, அப்புறம் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் மென்மை. 400இல் ஆரம்பித்து 600, 800, 1000 என்று போங்கள். எப்போதும் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். தேய்க்கும் தூள் மூக்குக்குள் போகக் கூடாது, கந்தக நாற்றமும் தாங்காது. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். நீளவாக்கில் ஒன்று, குறுக்கே அடுத்தது. முந்தைய கோடு போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும்.

தண்டின் தோள் என்று ஒரு இடம் உண்டு. கழுத்தின் முகத்தோடு முட்டும் அந்தக் கூரான விளிம்பு. தண்டைத் தனியாக விரலில் பிடித்துத் தேய்த்தால் அந்த விளிம்பு உருண்டுவிடும். உருண்டால் மாட்டினதும் சுற்றிலும் ஒரு கறுப்புப் பள்ளம் தெரியும், அதை மறைக்க வழியே இல்லை. தயிர் டப்பா மூடியில் வட்டம் வெட்டி, நடுவில் டெனான் போகும் ஓட்டை போட்டு, அதைக் கழுத்துக்கும் தண்டுக்கும் நடுவே வைத்து, தண்டை மாட்டிய நிலையிலேயே தேய்த்தால் மரமும் தப்பும், தோளும் தப்பும். மட்டமாக மீட்ட பைப்பை நான் கண்டுபிடிப்பது இந்த ஒரு இடத்தை வைத்துத்தான்.

ஜூன் 5, பிற்பகல்

பிளீச் போட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடுமே என்று கேட்கிறார்கள். போகும். கூடவே மேற்பரப்பை அரித்துப் பொடிக் குழிகளாக்கிவிடும், அதை எடுக்க இன்னும் ஆழமாகத் தேய்க்க வேண்டும். தண்டில் அச்சடித்த சின்னத்தின் விளிம்பையும் தின்னும். வேண்டாம்.

ஜூன் 6

சின்னம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தண்டில் இருக்கும் அடையாளம் இரண்டு வகை. துளைத்துப் பதித்தது ஒன்று, அழுத்தி அச்சடித்தது ஒன்று. கோமாய் கம்பெனியின் பழைய பைப்பில் இருக்கும் 'சி' எழுத்து வெள்ளைத் துண்டையும் கறுப்புத் துண்டையும் துளை போட்டுச் செருகிச் செய்தது. டன்ஹில் கம்பெனி வைக்கும் வெள்ளைப் புள்ளியும் அப்படியே. ஜி.பி.டி. கம்பெனியின் பித்தளை வட்டமும் உள்ளே இறங்கியது. இவற்றின் மேல் கவனமாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது, பித்தளை மட்டும் எழுத்து மழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சடித்ததுதான் ஆபத்து. ஆழம் கொஞ்சம்தான், 400 தாளில் நாலு இழுப்பு இழுத்தால் காணாமல் போகும். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஸ்பாஞ்சு போடுங்கள், கொஞ்சம் பழுப்பு மிஞ்சினாலும் விட்டுவிடுங்கள். பள்ளம் இருந்து நிறம் போயிருந்தால் வெள்ளை அக்ரிலிக் பெயின்டைத் தடவி, பாதி காய்ந்ததும் ஈரத் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி மேலாக ஒரு முறை வழித்தால் பள்ளத்தில் மட்டும் நிற்கும்.

ஜூன் 9

பல் தடம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

எபோனைட் தன் பழைய உருவத்தை மறக்காது. பல் அழுத்தி அழுத்தி உள்ளே போன இடம் வெட்டுப்படாமல் வெறும் அமுங்கலாக இருந்தால், சூடு பட்டதும் திரும்பி எழும்பும். கிளீனர் ஒன்றைத் துளைக்குள் விட்டு வைத்துக்கொண்டு (துளை மூடிவிடாமல் இருக்க), லைட்டர் சுடரின் மேலே இரண்டு விரல் உயரத்தில் தண்டை நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் பளபளப்பு லேசாக மாறும், அந்தச் சமயத்தில் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் குழியின் கரை மெதுவாகச் சரிந்து, அடிமட்டம் மேலே ஏறி வருவது கண்ணுக்கே தெரியும். ஒரு நொடி நின்றாலும் தோல் கொப்புளித்துவிடும், நாற்றமும் வரும். முதல் தடவை செய்பவர்கள் சுடரை விட்டுவிட்டுக் கொதிக்கும் தண்ணீரில் நுனியை மட்டும் அரை நிமிஷம் முக்கிப் பாருங்கள். மெதுவாக நடக்கும், ஆனால் கருகாது.

வெட்டுப்பட்ட தடம் எழும்பாது. பல் கூராகக் கிழித்த இடம் அது. அதற்குப் பசைதான். குழியை ஆல்கஹாலால் துடைத்து, 400 தாளால் சொரசொரப்பாக்கி, ஃபெவிக்விக் வகைப் பசையில் கரித்தூள் கலந்து மேடாக வையுங்கள். மறுநாள் தட்டை அரத்தால் இழைத்துச் சமன்படுத்தலாம்.

ஓட்டைக்கும் அதே வழி, ஆனால் உள்ளே ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். விசிட்டிங் கார்டைத் தண்டின் வாய்ப்பிளவு அகலத்துக்கு வெட்டி, செல்லோடேப் சுற்றி, வாஸ்லின் பூசி உள்ளே செருகுங்கள். பசை அதன் மேல் இறுகும், வாஸ்லின் இருப்பதால் அட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். வாஸ்லின் ஓட்டையின் கரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் பசை பிடிக்காது.

ஜூன் 9, இரவு

பட்டன் பற்றிச் சொல்லவில்லை. நுனியில் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் அந்த மேடு. பசை வைத்து அரம் போட்டபின் பட்டனுக்கு முன்னால் இருக்கும் கோடு மழுங்கிப்போகும். ஊசி அரத்தின் தட்டை முகத்தை அந்தக் கோட்டில் நிறுத்தி, குறுக்கே நேராக இழுத்து விளிம்பை மறுபடியும் கூராக்குங்கள். பட்டன் மழுங்கின தண்டு வாயில் நிற்காது, நழுவும், நழுவினால் இன்னும் அழுத்திக் கடிப்பீர்கள், கடித்தால் மறுபடியும் அதே குழி.

ஜூன் 14

மேலே கரித்தூள் கலந்த பசை என்று எழுதியதை இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஓட்டைக்கும் பட்டனைக் கட்டி எழுப்பவும் கரித்தூள் நல்லது, கெட்டியாக நிற்கும். மேலோட்டமான பல் தடத்துக்கு வேண்டாம். தூளோடு காற்றுக் குமிழியும் உள்ளே போய்விடுகிறது, மெருகேற்றும்போது ஊசி முனைக் குழிகளாகத் தெரிகிறது. பேட்ச் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் மங்கலாக, கரும்பலகை மாதிரி நிற்கிறது. ரப்பர் கலந்த கறுப்பு சூப்பர் குளூ என்றே ஒன்று விற்கிறார்கள், அதை மெல்லிய அடுக்குகளாக வையுங்கள். ஒரு அடுக்கு முழுதாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பளபளப்பு எபோனைட்டோடு சேர்ந்து போகிறது, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கிறது.

ஜூன் 15

ஒருவர் தாள் எண்களில் குழம்பியிருக்கிறார். வாட்டர் பேப்பர் 2000 வரை போய்விட்டு, அப்புறம் மைக்ரோமெஷ் (மெருகேற்றவென்றே விற்கும் மென்மையான தேய்ப்புத் துணி) 1500இல் ஆரம்பித்தாராம், பளபளப்பு குறைந்துவிட்டது என்கிறார். குறையத்தான் செய்யும். மைக்ரோமெஷ் எண் வேறு கணக்கு. அதன் 1500 நம் சாதாரண தாளின் 400க்கு அருகில்தான் வரும். 400 வாட்டர் பேப்பர் போட்டுவிட்டு நேராக மைக்ரோமெஷ் 1500க்குப் போய், அங்கிருந்து 12000 வரை ஏறுங்கள். மேலே நான் 1000 வரை எழுதியது மைக்ரோமெஷ் இல்லாதவர்களுக்கு. அவர்கள் 2000 வரை போய்விட்டு, கார்னாபா மெழுகைத் துணிச் சக்கரத்தில் ஏற்றி முடித்துக்கொள்ளலாம். சக்கரத்தில் அழுத்தாதீர்கள், சூட்டில் எபோனைட் இழுபடும்.

ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே தண்டில் தடவ எண்ணெய் எது என்றால், மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கி ஒரு துளி தடவித் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டுமே நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். வாயில் வைக்கும் பொருள்.

ஜூன் 21

ஆடும் டெனான். பலரும் கேட்டது இதுதான்.

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். பல வருஷம் பெட்டியில் கிடந்த பைப்பில் மரம் வற்றி இருக்கும், கழுத்துத் துளை அகன்றிருக்கும். சில தடவை புகைத்தால் ஈரம் ஏறி மரம் உப்பி, தானாகவே இறுகிவிடுவதும் உண்டு. அவசரப்பட்டு டெனானைப் பெருக்கிவிட்டு, அப்புறம் மரமும் உப்பினால் தண்டைக் கழற்றவே முடியாது. கழுத்து வெடிக்கும். வெடித்த கழுத்துக்கு வளையம் போட வேண்டும், அது தண்டு வேலையைவிடப் பெரிய வேலை.

அப்படியும் ஆடினால் இரண்டு வழி. லேசான ஆட்டம் என்றால் தேன்மெழுகை டெனானில் தேய்த்துவிடுங்கள், தற்காலிகமாக நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் டெனானை மட்டும் சூடாக்கி, அதன் துளையைவிட நூலளவு பெரிய டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கத்தை (வெட்டும் பக்கம் கூடாது) மெதுவாக உள்ளே தள்ளி, அப்படியே ஆறவிடுங்கள். டெனான் உப்பி அந்த அளவில் நின்றுவிடும். சூடு போதாமல் தள்ளினால் பிளந்துவிடும், ஆகவே கையில் எதிர்ப்புத் தட்டினால் நிறுத்திவிட்டு மறுபடியும் சூடாக்குங்கள்.

வரிசை முக்கியம். பல் தடத்தை எழுப்பும் சூட்டு வேலையை முதலில் முடித்துவிடுங்கள், டெனானைப் பெருக்குவது கடைசி. எபோனைட் பழைய உருவத்துக்குத் திரும்பும் என்று மேலே சொன்னேன் இல்லையா, பெருக்கிய டெனானுக்கு மறுபடியும் சூடு காட்டினால் அதுவும் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கம்: தண்டு கழலவே மாட்டேன் என்கிறது என்றால் பைப்பைப் பாலிதீன் பையில் சுற்றி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் எபோனைட் மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும். எடுத்ததும் ஒரே திசையில் மெதுவாகத் திருகுங்கள். புகைத்த சூட்டோடு கழற்றுவது மட்டும் எப்போதும் கூடாது.

ஜூன் 30

இன்றைக்கு மாற்றுவது பற்றி. மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்டே காணாமல் போயிருக்கலாம், நுனி அரை அங்குலத்துக்கு மேல் உடைந்திருக்கலாம், யாரோ ஏற்கெனவே பொருந்தாத தண்டை மாட்டியிருக்கலாம். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

டெனான் மட்டும் உடைந்து கழுத்துக்குள் சிக்கியிருந்தால் அது மாற்றும் வேலை இல்லை. சிக்கிய துண்டின் துளையில் சரியான அளவு ஸ்க்ரூவை லேசாக முடுக்கி, ஃப்ரீசரில் வைத்து எடுத்து, நேராக இழுங்கள். தண்டின் முகத்தை அரத்தால் சமன்படுத்தி, பழைய காற்றுத் துளையையே வழிகாட்டியாக வைத்துச் சின்ன பிட்டிலிருந்து படிப்படியாகப் பெரிய பிட்டுக்குப் போய், டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பியில் புது டெனான் வைக்கலாம். டெல்ரின் வழவழப்பானது, பசை சாமானியத்தில் ஒட்டாது. ஒட்டும் பாதியில் ரம்பத்தால் சுற்றிலும் நாலைந்து கீறல் போட்டு அரால்டைட் வைத்தால் அந்தக் கீறலில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டின கையோடு பைப்பில் மாட்டி, தண்டு நேராக இருக்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, அந்த நிலையிலேயே காயவிடுங்கள். டெனானின் மரத்துக்குள் போகும் பாதியில் மெழுகு தடவியிருக்க வேண்டும், இல்லையென்றால் பைப்பே ஒட்டிக்கொள்ளும்.

புதுத் தண்டு என்றால் அச்சில் வார்த்த எபோனைட் தண்டு வாங்கலாம். டெனான் வேண்டுமென்றே பருமனாக இருக்கும், நாம் கழுத்துத் துளைக்கு ஏற்பக் கடைந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று கையால் திருகும் கருவி விற்கிறார்கள். நான் அம்பத்தூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். பித்தளையும் இரும்பும் கடைந்த கை அவருக்கு. நான் தண்டை நீட்டியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "இது பேனா ரப்பர்தானே சார்?" என்றார். கண்டுபிடித்துவிட்டார். சாய்வாகப் போகும் தண்டை லேத்தின் சக் (சுழலும் பிடி) பிடிக்காது என்பதால் ஒரு மரக்கட்டையில் தண்டின் வடிவுக்குத் துளை போட்டு, அதைப் பிளந்து, அதற்குள் தண்டை வைத்து இறுக்கினார். வேகத்தைக் குறைத்து, புதிதாகச் சாணை பிடித்த உளியை வைத்ததும் கறுப்பு ரிப்பன் மாதிரி சுருள் சுருளாக வந்தது. பட்டறை முழுக்கக் கந்தக வாடை. வெர்னியரில் அளவு பார்த்து, கழுத்துத் துளையைவிட ஒரு முடி பருமன் இருக்கும்போதே நிறுத்தச் சொன்னேன். கடைசி முடியை வீட்டில் உப்புத்தாளால்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் மரத்துளை சரியான வட்டமாக இருக்காது. நாலு சுற்றுத் தேய்த்தல், ஒரு முறை மாட்டிப் பார்த்தல், டெனானில் எந்த இடம் பளபளக்கிறதோ அந்த இடத்தை மட்டும் மறுபடியும் தேய்த்தல்.

டெனானின் நீளம் துளையின் ஆழத்தைவிட நூலளவு குறைவாக இருக்கட்டும். முட்டினால் தோள் கழுத்தோடு சேராது. ரொம்பக் குட்டையாக இருந்தால் உள்ளே இடைவெளி விட்டு, அங்கே ஈரம் தேங்கிக் குறுகுறுவென்று சத்தம் போடும்.

ஜூலை 1

அந்த லேத்காரர் "பேனா ரப்பர்" என்றதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், ஒரே பொருள்தான். திருவள்ளூரில் ரங்கா பேனா, சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கம்பெனியின் காமா பேனா, ராஜமுந்திரியில் ரத்னம் பேனா எல்லாம் எபோனைட் கம்பியைக் கையால் கடைந்து செய்ததுதான். தாத்தாவின் கறுப்புப் பேனா ஜன்னலோரம் கிடந்து காப்பி நிறமானதைப் பார்த்திருப்பீர்கள், பைப் தண்டுக்கு நடப்பதும் அதேதான். வார்த்த தண்டைவிடக் கம்பியிலிருந்து முழுதாகக் கடைந்த தண்டு உசத்தி, வார்ப்புக் கோடு இருக்காது, மெருகும் ஆழமாக ஏறும். நம் ஊரில் இந்தப் பொருளைத் தெரிந்த கைகள் இருக்கின்றன. பைப் தண்டு கடைந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து பேசினால் செய்து தருவார்கள். கடினமான இடம் வாய்ப்பிளவு. துளை நுனிக்கு வரும்போது விசிறி மாதிரி அகலமாக வேண்டும், அதை ஊசி அரத்தால் உட்கார்ந்து பொறுமையாகத் திறக்க வேண்டும். கிளீனர் தடையில்லாமல் ஒரே தள்ளலில் போனால் சரி.

ஜூலை 4

பீட்டர்சன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. டப்ளினில் செய்யும் அந்தப் பைப்பில் பி-லிப் என்று ஒரு வாய் உண்டு, 1898இல் காப்புரிமை வாங்கியது. புகை நுனியில் நேராக வராமல் மேல்பக்கத் துளை வழியாக அண்ணத்தை நோக்கிப் போகும். நாக்கு சுடாமல் இருக்க அந்த ஏற்பாடு. சாதாரணத் தண்டை மாட்டினால் பைப்பின் குணமே போய்விடும், ஆகவே அதில் வாய்ப்பக்கத்தை எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள்.

அதே பீட்டர்சனில் இன்னொரு வசதி. வெள்ளி அல்லது நிக்கல் வளையம் போட்ட கழுத்துக்குள் கூம்பாகப் போகும் தண்டு பல மாடல்களில் இருக்கும். தோள் கிடையாது, சமன்படுத்த வேண்டிய விளிம்பும் கிடையாது. கூம்பு சரியாக உட்கார்ந்தால் முடிந்தது. முதல் முதலில் தண்டு மாற்றிப் பழக நினைப்பவர்கள் இந்த வகையில் ஆரம்பியுங்கள்.

ஜூலை 4, இரவு

வளைவு. தண்டை வளைக்க, கிளீனரை உள்ளே விட்டு, அடுப்பங்கரை ஓவனில் 110 டிகிரியில் சில நிமிஷம் வைத்தால் ஈர நூடுல்ஸ் மாதிரி தொங்கும். வளைத்து, அப்படியே குழாய்த் தண்ணீரில் காட்டி நிறுத்துங்கள். நுனியும் புகையிலை போடும் கிண்ணத்தின் வாயும் ஒரே மட்டத்தில் வருகிறதா என்று மேஜை மேல் வைத்துப் பார்க்கலாம். ஊறவைத்தபோது கொஞ்சம் நிமிர்ந்துவிட்ட தண்டையும் இப்படியே திருப்பிவிடலாம்.

ஜூலை 12

அக்ரிலிக் பற்றி நான் கடுமையாகப் பேசிவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். தினமும் புகைக்க ஒரு பைப், முத்திரையும் பெரிதாக இல்லை, பழைய தண்டு தொலைந்துவிட்டது, சென்னை வெயிலில் காரிலேயே கிடக்கப் போகிறது என்றால் அக்ரிலிக் நல்ல தேர்வுதான். நிறம் மாறாது, கசக்காது. அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் கடினமானது. பல்லால் பிடித்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்குப் பல் வலிக்கும், அவர்கள் நுனியில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளலாம். ஆல்கஹாலில் ஊறப் போடாதீர்கள், மயிரிழை விரிசல் விழும். சுத்தம் பண்ண வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும்.

நல்ல எபோனைட் தண்டு கைவசம் இருக்கும்போது அதைத் தூக்கிப் போட்டு அக்ரிலிக் மாட்டச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை, இனியும் ஏற்கமாட்டேன். பார்லிங் கம்பெனியின் பழைய தண்டு ஒன்றை வாயில் வைத்துப் பாருங்கள். அகலமாக, மெல்லிசாக, நாக்கில் பாரமே தெரியாது. அந்த மெல்லிய வாய்க்கென்றே அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பருமனான வார்ப்புத் தண்டு அதன் இடத்தில் வந்தால் பைப் வேறு பைப்.

விற்கும்போது ஒன்று: தண்டு மாற்றியது என்றால் மாற்றியது என்று சொல்லி விற்க வேண்டும். ஒரு கடையில் மாற்றின தண்டில் வெள்ளைப் புள்ளி வைத்து எனக்கு அசல் என்று காட்டினார்கள், புள்ளியைச் சுற்றிப் பசை வழிந்து நின்றது. அது ஏமாற்று.

ஜூலை 13

அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) தண்டு கேட்டவருக்கு: சூடு, ஆல்கஹால் இரண்டும் தொடக்கூடாது. மேலே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது. மர்ஷாம் என்ற வெள்ளைக் கனிமத்தில் செதுக்கிய பைப்புகளில் திருகு வைத்து மாட்டியிருப்பார்கள், திருகும்போது கொஞ்சம் பலம் கூடினாலும் உடையும். தூசியை மென்துணியால் துடைத்து, தெரிந்த கையில் கொடுங்கள்.

ஜூலை 19

கேவுடி கம்பெனிப் பைப்பில் தண்டு முழுசாக முடுக்கினால் கோணலாக நிற்கிறது என்ற கேள்விக்கு. அது திருகு மரை வைத்த உலோக நுனி, வருஷக்கணக்கில் முடுக்கி முடுக்கி நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டது. மரத்திலோ தண்டின் முகத்திலோ எதையும் தேய்க்காதீர்கள். தண்டை வெளியே எடுத்து, உலோக நுனியை லைட்டரில் சூடாக்குங்கள், உள்ளே இருக்கும் பசை இளகும். துணி சுற்றின குறடால் உலோகத்தைப் பிடித்துத் தண்டைக் கொஞ்சம் திருப்பி, மரத்தில் முடுக்கிப் பார்த்து, நேரானதும் ஆறவிடுங்கள். ஒரே முயற்சியில் அமையாவிட்டால் மறுபடியும் சூடாக்கலாம். சூடு உலோகத்துக்கு மட்டும், எபோனைட்டின் முகத்தை ஈரத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.